படியளப்பவனும் களஞ்சியக்காரனும்

நாளாந்தச் சாப்பாட்டுக்கு இறைவனைப் பொறுப்பாக்கித் தமிழர் பேசும்போது தவறாமல் வருகின்ற சொல் 'படியளத்தல்' என்பதாகும். தானியம் அளக்கும் ஒரு கருவியின் பெயராக இருந்த படி, அன்றன்றைய உணவுக்கென அளந்து கொடுக்கப்படும் தானியத்துக்கும், பின்னர் அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும் காசுக்கும் பெயராகி, இன்று அரசாங்கச் சம்பளப் பட்டியலிலே வாழ்க்கைச் செலவுப்படி என்ற உருவில் இருந்துகொண்டிருக்கின்றது. அரிசியைக் கொத்தாலும் சுண்டாலும் அளந்து பழகிய யாழ்ப்பாணத்தாரும், கடவுளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் கையில் படியையே கொடுத்துவிடுகின்றனர். ஆண்டவன் படியளப்பான் என்று சொல்பவர் இறைவனிடம் வயலையோ நெற்கூட்டையோ எதிர்பார்ப்பதில்லை என்பதும், ஒரு நாளைக்குரிய அளவையே எதிர்பார்க்கின்றார் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல்லும் யாழ்ப்பாணப் பேச்சில் உண்டு. துன்பத்தில் இருப்பவரைத் தேற்ற வருகின்றவர் அங்கே 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' என்பார். மற்ற இடங்களில் பெரும்பாலும் சிந்தித்தல், திட்டமிடுதல் என்ற பொருளில் வழங்கும் யோசனை என்ற சொல், குடாநாட்டில் கவலைக்கும் பெயராக இருக்கின்றது. மூத்த மகளுக்குச் சீதனம் தேடுவதும் யோசனை. அது கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் யோசனை. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த ஒரு சமூகத்தில், நாளையைப் பற்றி யோசியாமல் இறைவனை நம்பு என்ற உபதேசம் எப்படி வேரூன்றியது என்பது ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணத்தாரின் யோசனைக்கு நிலமே முதற் காரணம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறு என்று பெயர் பெற்றதும் மாரிகாலத்தில் மட்டும் நீரோடும் ஒரு வடிகாலாகவே உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை கொண்டுவரும் மழை சுண்ணாம்புக் கற்பாறைகளின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்க, அதைக் கிணறு வெட்டி இறைத்தே பயிர்ச்செய்கையும் குடித்தனமும் நடந்து வந்திருக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்த கிணறு உவராகிவிடும் என்பதைத் துலாமிதித்த ஒவ்வொரு குடியானவனும் அறிவான். ஆகவே இன்றைய நீரை நாளையை நினைந்து இறைப்பது அங்கே வெறும் விவேகம் மட்டுமன்று, அயலவனுக்குச் செலுத்த வேண்டிய கடனுமாகும். இறைவன் தருவான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தன் கிணற்றை அடிகாண இறைத்தால், உவராவது பக்கத்து வளவின் கிணறுமாகும்.

சேமிப்பும் அவ்வாறே உருவாயிற்று. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் (இதிலுள்ள 'புழுக்கு' அவித்தலைக் குறிக்கும், புழுவை அன்று); பழத்தின் களியைப் பாயில் ஊற்றி உலர்த்தினால் பனாட்டு. இவையெல்லாம் மழையும் வேலையும் இல்லாத மாதங்களுக்கென்றே ஏற்பட்ட உணவுகள். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம், ஒரு குடும்பத்தின் உடைமையை முன்னோர் வழிவந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்க்கையில் ஈட்டிய தேடியதேட்டம் என்று பகுத்து வைத்திருப்பதைப் பார்த்தால், இச்சமூகத்தின் மனம் எதைச் சுற்றி ஓடியது என்பது விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில் இதே மனம் அரசாங்க உத்தியோகத்தின்மேல் சென்றது. கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியின் உட்பொருள் மாதச் சம்பளமும், அதற்குப் பின் சாகும்வரை வருகின்ற ஓய்வூதியமுமே ஆகும்.

நாளையை நம்பவொண்ணாத நிலத்தில் பிறந்து, நாளைக்கென வைக்கும் கலையில் தேர்ந்த இந்தச் சமூகம் தன் ஞானிகளாகத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்த்தால் வியப்பே ஏற்படும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேரடியில் கந்தலுடுத்திக் கிடந்து, பலரால் பித்தர் என்று ஒதுக்கப்பட்ட செல்லப்பா சுவாமி, முன்னர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் பணிமனையில், வேலை பார்த்தவர். அவருடைய சீடரான யோகர் சுவாமி, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்திலே களஞ்சியப் பொறுப்பாளராக, அக்கால வழக்கில் 'ஸ்டோர் கீப்பராக', இருந்தவர். வரவையும் செலவையும் இருப்பையும் பேரேட்டில் எழுதி, சாவியை இடுப்பில் வைத்திருந்த ஒருவர் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, பித்தரென்று பெயரெடுத்த ஒரு குருவின் பின்னே சென்றார் என்பதைவிட இப்பொருளுக்கு ஏற்ற உவமையைக் கதாசிரியர் எவரும் கற்பிக்க முடியாது. அது வாழ்க்கையில் தற்செயலாக நிகழ்ந்தது.

1872ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் பிறந்த யோகர் சுவாமியின் இயற்பெயர் சதாசிவன். தாயை இளமையில் இழந்து, கத்தோலிக்கரான உறவினரின் ஆதரவில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் கற்றபோது யோன் என்ற பெயரும் அவருக்கு வழங்கியது. ஆதலால் வானத்துப் பறவைகள் விதைப்பதுமில்லை, களஞ்சியத்தில் சேர்ப்பதுமில்லை என்ற மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரக் கருத்தை அவர் சிறுவயதிலேயே கேட்டிருக்கக் கூடும். குருவிடம் பயின்ற பின்னர் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பாராது இருந்து, அதன்பின் அங்கேயே ஒரு குடிலில் வாழ்ந்து, 1964இல் மறையும்வரை அவர் தமக்கென்று பொருள் தேடவில்லை. நாளொன்றுக்குப் பல மைல் நடந்து, அறிவியாமல் ஏதேனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருப்பதை உண்டு எழுந்து செல்வது அவர் வழக்கம். கூலிக்காரர், ஆசிரியர், அப்புக்காத்துமார், அமைச்சர் என்று பலரும் அவர் குடிலுக்கு வந்தனர். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகனே அவரிடம் வந்து சாந்தசுவாமி ஆனார்.

செல்லப்பா சுவாமியின் வாயிலிருந்து வந்து யோகர் வழியாகப் பரவிய நான்கு சிறு தொடர்களை யாழ்ப்பாணத்தார் மகாவாக்கியங்கள் என்பர். தீங்கென்று ஒன்றும் இல்லை என்பதும், காரியம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதும், நமக்கு ஒன்றும் தெரியாது என்பதும், உள்ளது முழுதும் உண்மை என்பதும் அவற்றின் பொருள். இவற்றுள் இரண்டாவது, ஊழ்வினைக் கொள்கையைப் பேச்சுத் தமிழில் உடைத்துச் சொல்வதாகும். சைவசித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும்: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிப்பதற்கென எடுத்துக் கொடுக்கப்படுவது பிராரத்தம், அதை அனுபவிக்கும்போது புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். சித்தாந்தம் படித்தவர் யாரும் இப்படிச் சொல்லாவிட்டாலும், சஞ்சிதம் களஞ்சியத்தையும் பிராரத்தம் அளந்து வைத்த படியையும் ஒத்திருக்கின்றன என்பது தெளிவு. அளப்பவன் இறைவன். அளந்து முடிந்த ஒன்றைப் பற்றி அஞ்சி அழுவதால் அந்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அந்த அச்சத்தில் செய்யும் காரியங்களால் ஆகாமியம் மட்டும் ஏறும். இவ்வாறு பார்த்தால், முடிந்த காரியம் என்ற பேச்சு, கணக்கை நன்கு அறிந்த ஒரு களஞ்சியக்காரரின் பேச்சாகவே ஒலிக்கின்றது.

இப்பேச்சைச் சோம்பலுக்கு அனுமதியாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். யோகர் அவ்வாறு கொள்ளவில்லை என்பதற்கு 1935ஆம் ஆண்டு தை மாதத்தில் அவருடைய அன்பர்கள் தொடங்கிய இதழுக்கு இடப்பட்ட பெயரே சான்று. 'சிவதொண்டன்' என்ற அந்தப் பெயர், உழுவதும் கணக்கெழுதுவதும் பிள்ளை வளர்ப்பதும் உட்படச் செய்கின்ற எல்லாமே சிவனுக்குச் செய்யும் தொண்டு என்ற கொள்கையைத் தாங்கி நிற்கின்றது. 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையமும் அமைந்தது. முதுமையிலும் வள்ளி என்ற பசுவைத் தம் கையால் பேணிவந்த அவர், 1961இல் அப்பசுவிடம் சென்றபோதே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, எஞ்சிய காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தார். மாட்டுக்கு வைக்கோல் போடும் வேலையை அவர் கடவுளிடம் விட்டுவிடவில்லை.

உழைப்புக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பெரியபுராணம் இன்னும் நுட்பமாகக் காட்டுகின்றது. ஆறுமுக நாவலர் அந்நூலை வசனநடையில் எழுதி அச்சிட்டதாலும், ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் கோயில்தோறும் நடந்ததாலும், எழுத்தறியாதவருக்கும் அதன் கதைகள் யாழ்ப்பாணத்தில் மனப்பாடமாக இருந்தன. அவற்றுள் திருவீழிமிழலையில் நிகழ்ந்தது இங்கே எண்ணத்தக்கது. நாட்டிலே பஞ்சம் வந்து அடியார்கள் வாடியபோது, திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசைக் கோயிற் பீடத்தில் வைத்தருள, அவர்கள் அக்காசால் பண்டம் வாங்கி அடியார்களுக்கு அமுதளித்தனர். இது படிக்காசு எனப்படும். நாவுக்கரசரின் மடத்தில் சோறு நேரத்துக்கு ஆயிற்று. சம்பந்தரின் மடத்திலோ காலந்தாழ்ந்தது. காரணம் வினவியபோது, சம்பந்தர் பெற்ற காசைக் கடையில் கொடுத்தால் வட்டம் பிடிக்கின்றார்கள், அதாவது பொன்னின் மாற்றுக் குறைவுக்காக ஒரு பங்கு கழித்துக்கொண்டே பண்டம் தருகின்றார்கள் என்றும், நாவுக்கரசரின் காசுக்கு அந்தக் கழிவு இல்லை என்றும் தெரிந்தது. நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியில் புல் செதுக்கியவர், உடல் வருந்தக் கைத்தொண்டு செய்தவர். அதனாலேயே அவர் காசு வாசியில்லாக் காசு, அதாவது கழிவில்லாத காசு, ஆயிற்று என்பது சேக்கிழார் காட்டும் காரணம்.

அருளாகக் கிடைத்த காசையும் அங்காடிக்காரன் உரைத்துப் பார்த்தே வாங்குகின்றான் என்று எழுதிய சேக்கிழாரின் உலகியலறிவு பாராட்டத்தக்கது. சோழ அமைச்சராக இருந்தவர் என்று மரபு அவரைப் பற்றிக் கூறுவது இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அதைவிட முக்கியமாக, காசு ஒவ்வொரு நாளும் ஒன்றாகவே வந்தது. பஞ்சம் முடியும்வரைக்குமான பொற்குவியலை இறைவன் ஒரே நாளில் கொடுக்கவில்லை. அந்தக் காசும் அடியவரின் சொந்தத் தேவைக்கென வரவில்லை, மற்றவர்களுக்கு உலைவைப்பதற்கென்றே வந்தது. அடியவனைத் தாங்குவது இறைவனின் கடன், பணி செய்வது அடியவனின் கடன் என்று நாவுக்கரசர் பிரித்துச் சொன்ன கருத்தை, இந்தக் காசின் கதையோடு சேர்த்துப் படிக்கும்போதே அதன் முழு அளவும் தெரியவருகின்றது.

இதற்கு நேர்மாறான திசையில் செல்வது இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு. வறுமையுற்ற அவருடைய வீட்டுக்கு மழைபெய்யும் நள்ளிரவில் அடியார் வேடத்தில் சிவன் வர, கொடுக்க ஒன்றும் இல்லாத அவர் அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருட்டிலே தடவி வாரிக்கொண்டு வந்தார். கூரையின் அலகை அறுத்து விறகாக்கினார். விதைநெல்லை உண்பது உழவன் குடும்பத்தில் இறுதி நிலை. அது அடுத்த ஆண்டின் சோற்றை இன்று தின்பதாகும். சேமித்தலையே அறமாகக் கருதிய யாழ்ப்பாண உழவர்கள் இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. மறுநாள் காலையில் விதைநெல்லைப் பத்திரமாகவே வைத்திருப்பார்கள் என்பதிலும் ஐயமில்லை. இதை இருமனம் என்று குறைகூறுவது எளிது. ஆயினும் அடியார்களின் கதைகள் எல்லோரும் பின்பற்றும் ஒழுங்காகச் சொல்லப்பட்டவை அல்ல. கையிலிருப்பதன் எல்லை எதுவரை திறக்கும் என்பதைக் காட்டவே சொல்லப்பட்டவை.

குடாநாட்டுக் கிறித்தவர்களிடமும் இதே இழுபறி காணப்படுகின்றது. இயேசு கற்பித்த செபம் இன்றைக்கு வேண்டிய உணவை மட்டுமே கேட்கின்றது. வனாந்தரத்தில் இசுரவேலருக்குப் பொழிந்த மன்னாவை மறுநாளைக்கென எடுத்து வைத்தவர்களிடம் அது புழுத்து நாறியது என்று விடுதலைப் பயண நூல் கூறும். ஆனால் அதே நூல் ஓய்வுநாளுக்கு முதல்நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கும்படி பணிக்கவும் செய்கின்றது. 1928இல் தோமஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள், மௌனத்திலும் இடைவிடாச் செபத்திலும் காலத்தைக் கழிப்பவர்களாயினும், தோட்டஞ்செய்தும் திராட்சை ரசமும் நெல்லிரசமும் ஆக்கி விற்றும் வாழ்ந்தனர். தோலகட்டி நெல்லிரசப் போத்தல் பல சைவ வீடுகளின் அலுமாரியிலும் இருந்தது. தோமஸ் அடிகளாரும் யோகர் சுவாமியைப் போலவே 1964இல் மறைந்தார்.

இனி, இந்த நம்பிக்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கவனியாது விடுகின்ற பக்கம் ஒன்றுண்டு. நாளையைப் பற்றி யோசியாத யோகர் நுழைந்த ஒவ்வொரு வீட்டிலும், நாளையைப் பற்றி யோசித்த ஒரு பெண் அரிசி வைத்திருந்தாள். இறைவன் படியளக்கின்றான் என்பது உண்மையானாலும் அந்தப் படி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கே செல்கின்றது. துறவியின் நம்பிக்கை இல்லறத்தாரின் சேமிப்பின்மேல் நிற்கின்றது. இதை அறிந்தே யாழ்ப்பாணம் நம்பிக்கையைத் தனிமனித மனநிலையாக மட்டும் விட்டுவிடாமல், மடம், கஞ்சித்தொட்டி, அன்னதானம் என்ற ஏற்பாடுகளாகக் கட்டிவைத்தது. 1876, 1877ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் பொருள் சேர்த்துக் கஞ்சித்தொட்டி நடத்தினார்; சிவனே தருவார் என்று சொல்லி வாளாவிராமல், மக்கள் பசித்திருக்க அரசாங்க அதிபர் துவைனம் என்ன செய்தார் என்று பகிரங்கமாகக் கண்டித்தும் எழுதினார்.

தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். பிராமணக் குருக்கள் இல்லாத, ஆகம மந்திரங்கள் ஓதப்படாத அக்கோயிலில், பூசகர் வாயை வெண்துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றார்; முருகனுக்குரிய அமுது ஆலமிலைகளில் படைக்கப்படுகின்றது. கோயிலைச் சூழ்ந்துள்ள மடங்களிலே வருகின்றவரின் ஊரும் பேரும் கேளாமல் சோறு போடப்படுகின்றது. கொடுப்பவர் நேர்த்திக்கடனாகக் கொடுக்கின்றார், உண்பவர் முருகன் தந்ததாக உண்கின்றார். இருவருக்கும் இடையில் நன்றி சொல்லவேண்டிய கூச்சம் எழுவதில்லை. உதவி பெறுகின்றவரின் மானத்தைக் காப்பதற்கு இதனினும் சிறந்த வழியை அரசாங்க நிவாரண அட்டைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சேமிப்பு முழுவதும் ஒரே நாளில் கைவிட்டுப்போன அனுபவமும் இந்த மண்ணுக்கு உண்டு. 1990ஆம் ஆண்டு ஐப்பசியில், அக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள், வீட்டையும் கடையையும் நகையையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1995இல் அதே திகதியில், அரசாங்கப் படையினரின் முன்னேற்றத்துக்கு அஞ்சி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான தமிழர்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் பின்னே கிடந்தன. இறைவன்மேல் பொறுப்பை வைத்தலை இஸ்லாம் தவக்குல் என்று சொல்லும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனை நம்பவேண்டும் என்ற நபிமொழிக் கருத்து அதன் விளக்கமாக வழங்குகின்றது. கட்டிய ஒட்டகத்தை மற்றொருவன் அவிழ்த்துப் பறித்த இடத்தில் நம்பிக்கை பேசுவதற்கு மிகுந்த அடக்கம் வேண்டும். இறைவனை நம்பு என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. பறிகொடுத்தவனைப் பார்த்து, பறித்த கூட்டத்தைச் சேர்ந்தவனோ பார்த்துக்கொண்டு நின்றவனோ அதைச் சொல்லும்போது அது ஆறுதலாக இராது. அங்கே முதலிற் செய்யவேண்டியது வீட்டைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

2022இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தவித்து, உணவுப் பொருட்களின் விலையேற்றம் ஆண்டுக்கு 90 சதவீதத்தையும் தாண்டியபோது, யோசனை என்ற அந்தப் பழைய சொல் வீடுகளுக்குள் மறுபடியும் அடிக்கடி கேட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீடுகள் ஒருவாறு சமாளித்தன. வராத வீடுகள் மரவள்ளியை நட்டு, இருந்த நகையை அடைவு வைத்தன. பாட்டிமார் காலத்துப் பிடியரிசி என்ற வழக்கத்தைச் சிலர் நினைவுகூர்ந்து பேசினர். சமைப்பவள் வீட்டுக்கு வேண்டிய அரிசியைக் கொத்தால் அளந்து சுளகில் கொட்டி, உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போட்டுவைப்பதே பிடியரிசி. பானை நிறைந்ததும் அது கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ செல்லும். அந்தப் பிடி சோறு மிஞ்சிய பின் கொடுக்கப்படுவதன்று. அளவு குறைந்த நாளிலும் அளந்ததிலிருந்தே அது எடுக்கப்படும். அன்று பிடி சற்றுச் சிறியதாக இருக்கும்.